குப்பியைப் பார்த்துக்கொண்டிருப்பதும் வைத்தியம்தான்

காலபோக நெல் குடலைக்கு வந்திருந்த ஒரு மாலை. வரம்பால் நடந்து வந்த ஒருவரைப் புடையன் பாம்பு கடித்துவிட்டது. லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் சாக்கு விரித்துக் கிடத்தி, நான் வேலை செய்த சிறிய வைத்தியசாலைக்குக் கொண்டுவந்தார்கள். காலில் சேறு காயவில்லை. சாரத்துணியைக் கிழித்துக் கணுக்காலுக்கு மேலே கட்டியிருந்தார்கள். அவருடைய கையிலிருந்து இரண்டு மில்லிலீற்றர் இரத்தம் எடுத்து, உலர்ந்த கண்ணாடிக் குழாய் ஒன்றில் விட்டு மேசையில் நிமிர்த்தி வைத்தேன். பிளாஸ்ரர் துண்டில் நேரத்தை எழுதி அதன்மேல் ஒட்டினேன். யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு, மூச்சையும் நாடியையும் பார்த்துக்கொண்டு அவர் பக்கத்திலேயே நின்றேன்.

ஐந்து நிமிடம் பொறுத்திருந்த மைத்துனருக்கு அதற்கு மேல் பொறுமை இல்லை. "தம்பி, ஆள் செத்துக்கொண்டிருக்கிறார். நீங்கள் குப்பியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள்" என்றார். டொக்டர் பயந்துவிட்டார் என்று வாசலில் நின்ற ஒருவர் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

அவர்கள்மீது எனக்குக் கோபம் வரவில்லை. அந்த இருபது நிமிடத்தில் என்ன நடக்கிறது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. டொக்டருடைய வாழ்க்கையைப் பற்றி நம் ஊரில் நிலவும் பிழையான எண்ணங்களில் பாதி இந்த இடத்தில்தான் பிறக்கிறது. வைத்தியரின் வேலையில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியாது. தெரியாததை மனிதர் தமக்குத் தோன்றியபடி நிரப்பிக்கொள்கிறார்கள். அந்தப் பிழையின் விலையைக் கடைசியில் நோயாளியே கொடுக்க வேண்டியிருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

குழாயில் வைத்தது உறைதல் பரிசோதனை. புடையன், அதாவது கண்ணாடி விரியன், கடித்து நஞ்சு உடலில் ஏறியிருந்தால் இரத்தம் உறையும் தன்மையை இழந்துவிடும். இருபது நிமிடம் அசையாமல் வைத்துவிட்டுக் குழாயை ஒரு தடவை சரிக்க வேண்டும். இரத்தம் கட்டியாக நின்றால் ஆறுதல். தண்ணீர்போல் ஓடினால் நஞ்சு வேலை செய்கிறது என்று பொருள். இடையில் யாராவது குழாயை எடுத்து ஆட்டிப் பார்த்தால் பரிசோதனை கெட்டுவிடும், மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

சந்தேகம் இருந்தால் உடனே நஞ்சுமுறி மருந்தைப் போட்டுவிட வேண்டியதுதானே என்று கேட்பார்கள். கடித்த எல்லாப் பாம்பும் நஞ்சைச் செலுத்துவதில்லை. நாம் பயன்படுத்தும் மருந்து இந்தியாவிலிருந்து வருகிறது. இந்தியப் பாம்புகளின் நஞ்சைக் குதிரைக்குச் செலுத்தி, அதன் இரத்தத்திலிருந்து எடுக்கப்படுவது. இலங்கையில் அது ஏற்றப்படும் நோயாளிகளில் கணிசமானோருக்கு ஒவ்வாமை வருகிறது. உடல் உதறும், தோல் தடிக்கும், சிலருக்குப் பிரஷர் விழுந்து மூச்சு அடைக்கும். சருகுக்குள் கிடக்கும் சிறிய குழிவிரியனுக்கு இந்த மருந்து வேலையே செய்யாது. தேவையில்லாத ஒருவருக்கு ஏற்றினால், பாம்பு செய்யாத தீங்கை நாமே செய்தவர்களாவோம். ஒவ்வாமையைக் குறைக்க, மருந்து தொடங்கும் முன் தோலுக்குக் கீழே சிறிதளவு அட்ரினலின் போடுவதன் பலனை இலங்கையிலேயே ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று காட்டியது. 2011இல் வெளியான அந்த ஆய்வு, வயல்காரர்களுக்காக நம் நாட்டு வைத்தியர்கள் செய்த நல்ல காரியங்களில் ஒன்று.

அன்றைக்குக் குழாயைச் சரித்தபோது இரத்தம் ஓடியது. பத்துக் குப்பி மருந்து. ஒவ்வொன்றிலும் உலர்ந்த தூள் இருக்கும். பத்து மில்லிலீற்றர் நீர் விட்டு உள்ளங்கையில் மெல்ல உருட்டிக் கரைக்க வேண்டும், குலுக்கினால் நுரைத்துவிடும். நானும் தாதி ஒருவரும் ஆளுக்கு ஐந்தாக உருட்டினோம். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற மைத்துனர், "மிஸ்ஸி, நானும் ஒன்றை உருட்டட்டுமா" என்று கேட்டார். அவருடைய கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. வேலை கண்ணுக்குத் தெரிந்ததும் மனிதர் அதில் பங்கெடுக்கவே விரும்புகிறார்கள் என்பதை அன்று கண்டேன்.

கட்டு விரியன் விடயத்தில் எல்லாம் தலைகீழ். தரையில் பாய் விரித்துப் படுத்தவரை நள்ளிரவில் கடிக்கும். நோவும் இருக்காது, வீக்கமும் இருக்காது, பல்லுக்குறிகூடத் தெரியாமல் போகலாம். காலையில் வயிற்று நோவு என்று வருவார். வாயு என்று நினைத்து உள்ளி அவித்துக் கொடுத்துவிட்டுத்தான் கொண்டுவருவார்கள். அவருடைய கண்ணிமை சற்றே கீழிறங்கியிருக்கிறதா என்று டொக்டர் பார்க்கிறார். மேலே பார்க்கச் சொல்கிறார், நாக்கை நீட்டச் சொல்கிறார். வயிற்று நோவுக்கு வந்தவரின் கண்ணைப் பார்ப்பது ஏன் என்று வீட்டார் முகம் சுளிக்கிறார்கள். சில மணி நேரத்தில் அவருக்கு மூச்சுத் தசைகள் ஓய்ந்துவிடலாம். அப்போது செயற்கைச் சுவாச இயந்திரம் வேண்டும். அது எங்களிடம் இல்லை. ஆகவே அனுப்புகிறோம்.

"அனுப்பிவிட்டார்கள்." வன்னியில் ஒரு வைத்தியரைப் பற்றிச் சொல்லப்படும் குற்றச்சாட்டுகளில் இதைவிடப் பெரியது இல்லை. கை கழுவிவிட்டார், ஏலாதவர், பொறுப்பெடுக்கப் பயந்தவர் என்ற பொருளெல்லாம் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

அரசாங்கத்தின் ஏற்பாட்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அடியில் வெளிநோயாளரை மட்டும் பார்க்கும் ஆரம்ப மருத்துவப் பராமரிப்பு அலகு. அதற்கு மேல் பிரதேச வைத்தியசாலை. நோயாளர் தங்கும் விடுதிகள் இருக்கும், டொக்டர் இருப்பார், விசேட வைத்திய நிபுணர் இருக்கமாட்டார், சத்திரசிகிச்சைக் கூடம் இருக்காது. அதற்கு மேல் ஆதார வைத்தியசாலை, பிறகு கிளிநொச்சி, மாஞ்சோலை, வவுனியா போன்ற மாவட்டப் பொது வைத்தியசாலைகள். எல்லாவற்றுக்கும் மேலே யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை. முல்லைத்தீவிலிருந்து அது நூறு கிலோமீற்றருக்கு மேல். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு கடற்கரைக்குப் போகவே ஏறக்குறைய 50 கிலோமீற்றர்.

ஒரு பெண்ணுக்கு வயிற்றைக் கீறிப் பிள்ளை எடுக்க வேண்டுமென்றால், வெட்டத் தெரிந்த ஒருவர் மட்டும் போதாது. மகப்பேற்று நிபுணர் வேண்டும், மயக்க மருந்து நிபுணர் வேண்டும், இரத்த வங்கி வேண்டும், பிறக்கும் பிள்ளையைப் பார்க்கக் குழந்தை வைத்தியர் வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் தாயின் உயிரை வைத்துப் பார்க்கும் சோதனையாகிவிடும். இது இரவு இரண்டு மணிக்குத் தெரியவந்தால், அனுப்பும் முடிவை எடுப்பவர் தனியாக நிற்கும் முப்பது வயதுக்குட்பட்ட ஒருவர். முன்கூட்டியே அனுப்பினால் "ஒன்றுமில்லாததுக்கு அலைக்கழித்தார்" என்பார்கள். பிந்தி அனுப்பினால் வழியில் நடப்பதற்கு அவரே பொறுப்பு. அம்புலன்சில் கூடப் போகலாம் என்றால், விடுதியில் கிடக்கும் மற்றவர்களுக்கு டொக்டர் இல்லாமல் போய்விடும். எந்த நோயாளியை எப்போது அனுப்புவது என்பதைச் சரியாகத் தீர்மானிப்பதுதான் சிறிய வைத்தியசாலை ஒன்றில் வேலை செய்பவரின் முதல் திறமை என்று நான் உறுதியாக நம்புகிறேன். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இந்த இடத்தில் வன்னிக்கே உரிய ஒரு நினைவைத் தொடாமல் போகமுடியாது. "அந்த நேரம் ஒன்றுமே இல்லாமல் எல்லாம் செய்தார்கள், இப்போது எல்லாம் இருந்தும் அனுப்புகிறார்கள்" என்று வயது வந்தவர்கள் என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். போரின் கடைசிக் கட்டமான 2009இன் முதல் மாதங்களைச் சொல்கிறார்கள். புதுக்குடியிருப்பு வைத்தியசாலை எறிகணைகளுக்கு இலக்கானது. அங்கிருந்து புதுமாத்தளனுக்கும் பிறகு முள்ளிவாய்க்காலுக்கும் வைத்தியசாலை இடம்பெயர்ந்தது. பள்ளிக்கூடக் கட்டடத்திலும் தறப்பாளின் கீழும் சத்திரசிகிச்சை நடந்தது. மயக்க மருந்தும் இரத்தமும் நோயெதிர் மருந்தும் போதாத நிலையில் கை கால்களை அகற்ற வேண்டியிருந்தது. அந்த வைத்தியர்களையும் தாதியரையும் தொண்டர்களையும் நினைத்து இந்த மண் தலைவணங்குவது நியாயம். நானும் வணங்குகிறேன்.

ஆனால் அந்த நினைவில் ஒரு பாதி விடுபட்டுவிட்டது. அப்போது அகற்றப்பட்ட கால்களில் பல, பாதையும் இரத்தமும் நிபுணரும் இருந்திருந்தால் காப்பாற்றப்பட்டிருக்கக்கூடியவை. அங்கே நடந்தது, வேறு வழி எல்லாம் அடைபட்ட நேரத்தில் உயிரை மட்டுமாவது பிடித்துவைத்த வைத்தியம். அந்த நெருக்கடிக்குள்ளும் அவர்கள் விடாமல் செய்த இன்னொரு வேலை நோயாளிகளை அனுப்புவது. 2009 பெப்ரவரி முதல் மே முற்பகுதி வரை, செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழு கப்பல் மூலம் காயக்காரர், நோயாளர், துணைக்குப் போனோர் என ஏறக்குறைய 14 ஆயிரம் பேரைத் திருகோணமலைப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்தது. யாரைப் படகில் ஏற்றுவது, யார் அடுத்த கப்பல்வரை தாங்குவார் என்று கரையில் நின்று தெரிவு செய்தவர்கள் அந்த வைத்தியர்கள்தான். இன்று அம்புலன்சில் ஏற்றுவதும் அந்த வேலையின் தொடர்ச்சிதான். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை 2018இல் வடக்குக்கு வந்தபோது அதை ஒரு புதிய வாகனமாக மட்டும் நம்மில் பலர் பார்த்தோம். எனக்கு அது அந்தக் கரையில் இல்லாமல் போன பாதை.

அடுத்தது சேலைன். கொஞ்சம் சோர்வாக இருக்கிறது, ஒரு சேலைன் ஏற்றிவிடுங்கள் என்று கேட்காத நாள் இல்லை. கேட்டவுடன் ஏற்றுபவர் நல்ல டொக்டர், "இதற்குச் சேலைன் தேவையில்லை அம்மா, ஜீவனிப் பொடியைக் கரைத்துக் குடியுங்கள், கஞ்சி குடியுங்கள்" என்று சொல்பவர் ஏனோதானோ என்று பார்ப்பவர். 500 மில்லிலீற்றர் சாதாரண சேலைன் போத்தலில் இருப்பது தண்ணீரும் நாலரைக் கிராம் உப்பும். ஒரு தேக்கரண்டி உப்புக்கும் குறைவு. குடிக்க முடிந்தவருக்கு அதை நரம்பால் ஏற்றுவதில் தெம்பு ஒன்றும் சேர்வதில்லை. நரம்பில் ஒரு துளையும் கிருமி போக ஒரு வாசலும்தான் மிச்சம்.

டெங்குவில் இதே ஆசை உயிராபத்தாகிவிடுகிறது. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாரி காலத்தில் என் விடுதியில் நடக்கும் சண்டைகளில் அநேகமானவை இதைப் பற்றியவை. டெங்குக் காய்ச்சலில் ஆபத்தான நேரம் காய்ச்சல் கொதிக்கும் நேரமல்ல, காய்ச்சல் விட்டபின் வரும் 24 முதல் 48 மணித்தியாலம். சிலருக்கு அப்போது இரத்தக் குழாய்களின் சுவர் கசியத் தொடங்கும். இரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியேறி வயிற்றிலும் நெஞ்சிலும் தேங்கும். தாய்க்கு என்ன தெரிகிறது? பிள்ளையின் உடம்பு குளிர்ந்துவிட்டது, எழுந்து உட்கார்ந்துவிட்டான். "காய்ச்சல் விட்டுவிட்டது, துண்டு வெட்டித் தாருங்கள் டொக்டர், வீட்டில் மற்றப் பிள்ளைகள் தனிய" என்று வீட்டுக்குப் போகக் கெஞ்சுகிறார். அந்த நேரத்தில்தான் நான் அவரை விடவே கூடாது.

அன்றிரவு விடுதியில் நடப்பது இதுதான். தாதி மணிக்கொரு தடவை நாடியைப் பார்க்கிறார், பிரஷர் எடுக்கிறார். மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடையிலுள்ள இடைவெளி 20க்கு வந்துவிட்டால் பிள்ளை அதிர்ச்சி நிலைக்குப் போய்விட்டது என்று பொருள். போத்தலில் சிறுநீரைப் பிடித்து அளக்கிறார்கள். குடித்த தண்ணீர், இளநீர் எல்லாம் மில்லிலீற்றர் கணக்கில் தாளில் ஏறுகிறது. பிள்ளையின் நிறைக்கு ஏற்ப, அந்த 48 மணித்தியாலத்துக்கு மொத்தமாக இவ்வளவுதான் திரவம் என்று ஓர் எல்லை கணக்கிடப்பட்டிருக்கும். குறைந்தால் அதிர்ச்சி. கூடினால், கசிவு நின்று வெளியேறிய நீர் திரும்பும்போது நுரையீரல் நிரம்பி மூச்சு முட்டும். டெங்கு இறப்புகளில் கூடுதலாக ஏற்றிய சேலைனும் ஒரு காரணமாக இருந்திருக்கிறது. கசிவு கட்டுமீறும் பிள்ளை அதற்கு முன்னரே பெரிய வைத்தியசாலைக்குப் போயாக வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவதெல்லாம், சிறிய போத்தல் சொட்டுச் சொட்டாகப் போகிறது, டொக்டர் வந்து தாளைப் பார்த்துவிட்டுப் போகிறார் என்பது மட்டும்.

டொக்டர் என்றால் ஊசி, ஊசி என்றால் சுகம் என்ற நம்பிக்கைக்கு வன்னியின் சொந்த வரலாறே மறுப்பு. மலேரியா இல்லாத வீடு இந்தப் பக்கம் ஒரு காலத்தில் இருக்கவில்லை. 1963இல் இலங்கை முழுவதிலும் 17 பேருக்கு மட்டுமே மலேரியா என்ற அளவுக்கு அது அடங்கியிருந்தது. முடிந்துவிட்டது என்று கையைத் தளர்த்தினார்கள். அந்தத் தசாப்தம் முடியுமுன் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. அதை மறுபடியும் அடக்கி, 2012 ஒக்டோபருக்குப் பின் உள்நாட்டில் தொற்றிய ஒரு நோயாளிகூட இல்லை என்ற நிலையை எட்டி, 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழை வாங்கித் தந்தவர்களில் பெரும்பாலோர் நாற்காலியில் உட்கார்ந்த டொக்டர்கள் அல்லர். காட்டுக் கிராமத்துக்குச் சைக்கிளில் போய் விரல் நுனியில் குத்தி இரத்தத் துளி எடுத்தவர்கள், சுவருக்கு மருந்து அடித்தவர்கள், நுணுக்குக்காட்டியில் கண் நோகக் கண்ணாடித் தகடுகளைப் பார்த்தவர்கள். இன்றும் காய்ச்சலோடு வருபவரிடம் "அண்மையில் இந்தியாவுக்குப் போய் வந்தீர்களா" என்று கேட்கிறோம். சிலர் அதை விசாரணைபோல் எடுத்துக் கோபிக்கிறார்கள். கிணறுகளிலும் தொட்டிகளிலும் பெருகி நகரத்திலேயே மலேரியாவைப் பரப்பக்கூடிய ஒரு நுளம் 2016 இறுதியில் மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்டது. வெளியிலிருந்து ஒருவர் கிருமியைக் கொண்டுவந்தால் போதும். கேள்வி அதற்காகத்தான்.

இனி, டொக்டர் என்ற மனிதருக்கு வருகிறேன். உயர்தரப் பெறுபேறு வந்த அன்றே ஊர் அவரை டொக்டராக்கிவிடுகிறது. சந்தியில் பதாகை கட்டுகிறார்கள். உண்மையில் பல்கலைக்கழக வாசலுக்குப் போகவே அதற்குப் பிறகும் காத்திருக்க வேண்டும். ஐந்து வருடப் படிப்பு. பிறகு உள்ளகப் பயிற்சிக்குக் காத்திருப்பு. ஆறு ஆறு மாதமாக இரண்டு விடுதிகளில் ஒரு வருடப் பயிற்சி. அது முடிந்தபின்தான் இலங்கை மருத்துவச் சபையில் முழுப் பதிவு. அதற்குள் வயது 27, 28. நிபுணராக வேண்டுமென்றால் கொழும்பிலுள்ள பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் பரீட்சைகள், வருடக்கணக்கில் பயிற்சி, வெளிநாட்டிலும் ஒரு காலம். நாற்பதை அண்மித்த பின்னரே பலர் நிபுணர் ஆகிறார்கள். அதுவரை அவர் மாணவர்தான்.

வன்னியிலிருந்து போகும் பிள்ளைக்கு இன்னொரு சுமையும் உண்டு. "கோட்டாவில் எடுபட்டவர்." பல்கலைக்கழக அனுமதியில் 40 சதவீதம் நாடளாவிய தகுதிக்கு, 55 சதவீதம் மாவட்ட மக்கள்தொகைக்கு, 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா நான்கும் அந்தப் பதினாறுக்குள் வருகின்றன. தரப்படுத்தல், அதாவது மொழியையும் மாவட்டத்தையும் வைத்துப் பல்கலைக்கழக அனுமதிப் புள்ளியை மாற்றிய எழுபதுகளின் முறை, யாழ்ப்பாணத்தில் எவ்வளவு ஆழமான காயம் என்பதை நான் அறிவேன். ஆனால் 1974இல் வந்த மாவட்ட ஒதுக்கீடு வன்னி, மன்னார் போன்ற இடங்களின் பிள்ளைகளுக்கு முதன்முதலாக ஒரு வாசலைத் திறந்தது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும்.

குறைந்த புள்ளியில் போனவர் குறைந்த டொக்டரா? ஒதுக்கீடு வாசலோடு முடிந்துவிடுகிறது. உள்ளே போனபின் கொழும்பிலிருந்து வந்தவருக்கும் துணுக்காயிலிருந்து வந்தவருக்கும் ஒரே உடற்கூற்றியல், ஒரே பரீட்சை, ஒரே சித்திப்புள்ளி. வாசலில் பார்க்கப்படும் புள்ளியில் அறிவு மட்டும் இல்லை. பௌதிகவியலுக்கு ஆசிரியர் இருந்தாரா, வீட்டில் மின்சாரம் இருந்ததா என்பதும் சேர்ந்திருக்கிறது. 2009 ஓகஸ்டில் போரால் இடம்பெயர்ந்து செட்டிகுளம் முகாம்களுக்குள் இருந்து உயர்தரம் எழுதிய பிள்ளைகளின் புள்ளியை எந்தத் தராசில் வைப்பது?

"நிறையச் சம்பாதிக்கிறார்கள்" என்பதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். அடிப்படைச் சம்பளம் ஊர் நினைப்பதைவிட மிகக் குறைவு. மேலதிக நேரக் கொடுப்பனவும் படிகளும் சேர்ந்துதான் ஒரு தொகையாகிறது. அந்த மேலதிக நேரம் இரவும் ஞாயிறும் பொங்கலும் தீபாவளியும். வேலை நேரத்துக்கு வெளியே தனியாக நோயாளர் பார்க்க அரசு வைத்தியர்களுக்கு அனுமதி உண்டு. நகரத்தில் அதில் வருமானம் இருக்கிறது, வன்னியின் உட்கிராமத்தில் இல்லை. அரசாங்க நேரத்தில் நோயாளியைச் சரியாகப் பார்க்காமல் தன் தனியார் கிளினிக்குக்கு வரச்சொல்பவர்களும் இருக்கிறார்கள். அது பிழை. அதைப் பிழை என்று முதலில் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள். 2022இல் பணவீக்கம் ஏறக்குறைய 70 சதவீதத்தைத் தொட்டபோது, பெற்றோல் வரிசையில் நின்றுவிட்டு விடுதிக்கு வந்தோம். அலுமாரியில் மருந்து இருக்கவில்லை. கோபம் எங்கள்மீது விழுந்தது. அந்த ஆண்டுக்குப் பிறகு நாட்டைவிட்டுப் போன வைத்தியர்களில் என்னோடு படித்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அவர்கள் விட்டுப்போன நாற்காலிகளைக் கடந்துதான் தினமும் விடுதிக்குப் போகிறேன்.

ஊர்ப்பிள்ளை டொக்டராகி ஊருக்கு வரவில்லை என்ற மனத்தாங்கலுக்கும் ஒரு விளக்கம் இருக்கிறது. முதல் நியமனம் பரீட்சைத் தரவரிசைப்படி நடக்கிறது. முன்னால் நிற்பவர்கள் நகரங்களைத் தெரிவு செய்ய, வன்னியின் இடங்கள் பட்டியலின் கடைசிக்கு வந்து சேர்கின்றன. வந்தவரும் துணைவரின் வேலை, பிள்ளையின் பள்ளிக்கூடம், மேற்படிப்பு என்று இடமாற்றம் கேட்கிறார். பெண் வைத்தியர்களுக்கு இன்னும் கடினம். இன்று மருத்துவபீடங்களில் பாதிக்கு மேல் பெண்கள். பூட்டு உடைந்த, வெளிவிளக்கு எரியாத தங்குமிட அறையில் ஒரு பிள்ளையைத் தங்கவைத்துவிட்டு, அவர் ஏன் ஒரு வருடத்தில் போனார் என்று கேட்பது நியாயமில்லை. பற்றைக்காட்டை வெட்டி, விளக்கைப் போட்டு, கிணற்றை இறைத்துக் கொடுத்த ஊர்களில் டொக்டர்கள் கூடுதலாகத் தங்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த இடங்களுக்குத் தெற்கிலிருந்து சிங்கள வைத்தியர்களும் வருகிறார்கள். அவர்கள் மனமில்லாமல் பார்க்கிறார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. நான் கண்டது வேறு. என்னோடு வேலை செய்த ஒருவர் தமிழ்ப் புத்தகம் ஒன்றை மேலங்கிப் பையில் வைத்திருந்தார். புத்தகத்தில் 'வாந்தி' இருந்தது, நம் ஆட்கள் 'சத்தி' என்றார்கள். 'முதுகு' இருந்தது, வந்தவர் 'நாரி நோகுது' என்றார். 'ஆஸ்துமா' இருந்தது, ஆச்சி 'முட்டு' என்றார். அவருக்குத் தெரியாமல் போனது அந்தச் சொற்கள் மட்டும்தான். விடுதி ஊழியர் ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தார். ஆறு மாதத்தில் அவரே ஆச்சிமாரிடம் "முட்டு எப்படி" என்று கேட்கத் தொடங்கினார். ஆனால் அந்த ஆறு மாதத்துக்குள் வந்துபோன நோயாளிகளை நினைத்தால் எனக்கு இன்றும் கவலைதான். எந்தச் சிறிய வைத்தியசாலையிலும் மொழிபெயர்ப்புக்கென ஒருவர் இருக்க வேண்டும். அது சலுகை அல்ல, மருந்தைப்போல அத்தியாவசியம்.

வேலை விடுதியோடு முடிவதும் இல்லை. அடிபட்டவரைப் பார்த்த டொக்டர் மாதங்கள் கழித்து நீதிமன்றில் சாட்சி சொல்லப் போக வேண்டும். சட்ட வைத்திய அதிகாரிக்கு வேலையே அதுதான். 2023 ஜூனில் முல்லைத்தீவு மாவட்டத்தின் கொக்குத்தொடுவாயில் நீர்க்குழாய் பதிக்கத் தோண்டிய இடத்தில் மனித எச்சங்கள் வெளிப்பட்டன. தொடர்ந்த அகழ்வில் அந்தக் குழிக்குள் இறங்கி நின்றவர்களில் சட்ட வைத்தியர்களும் இருந்தார்கள். எலும்பையும் துணியையும் பார்த்து, இது யார், எப்படி என்று தேடுவதும் வைத்தியம் படித்தவர் செய்யும் வேலைதான். காணாமல்போன பிள்ளைகளைத் தேடி வீதியோரம் நின்று பார்த்த தாய்மாருக்கு அன்று தேவைப்பட்ட டொக்டர் அவர்.

கடைசியாக ஒன்று. அனுப்பிய நோயாளிக்குப் பிறகு என்ன நடந்தது என்று டொக்டருக்குத் தெரியும் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் தெரியாது. நோயாளியோடு எங்கள் கடிதம் போகும், பதில் கடிதம் ஒழுங்காக வருவதில்லை. சுகமானவர் வீட்டுக்குப் போய்விடுகிறார். சுகமாகாதவரின் வீட்டார் எங்கள் பக்கம் வரவே மாட்டார்கள். என்னிடம் ஒரு கொப்பி இருக்கிறது. அனுப்பியவரின் கட்டில் இலக்கம், திகதி, நேரம், என்ன சந்தேகத்தில் அனுப்பினேன் என்பதை எழுதிவைப்பேன். வலது ஓரத்தில் ஒரு பத்தியை முடிவுக்காக விட்டிருக்கிறேன். அந்தப் பத்தியில் அநேகமான வரிகள் வெறுமைதான்.

போன மாரியில், பிள்ளையின் இதயத்துடிப்பு இறங்குகிறது என்று இரவு ஒன்றரைக்கு ஒரு பெண்ணை அனுப்பினேன். கணவன் என்னைப் பார்க்காமலே அம்புலன்சில் ஏறினார். மூன்று வாரம் கழித்து, அந்தப் பகுதியின் குடும்ப நல உத்தியோகத்தர் தடுப்பூசிப் பெட்டியோடு ஸ்கூட்டரில் வந்தவர், வாசலில் நிறுத்தி, இயந்திரத்தை அணைக்காமலே சொன்னார்: "டொக்டர், அந்தப் பிள்ளையை நேற்று நிறுத்துப் பார்த்தேன், மூன்று கிலோ தாண்டிவிட்டது. தாய் கேணியடி வரைக்கும் நடக்கிறார்." உள்ளே போய்க் கொப்பியை எடுத்து அந்த வரியைத் தேடினேன்.